முத்துவுக்குச் சுழி இடது பக்கம்

எஸ்தருக்குக் குதிரை என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், குதிரைக்காரர் ஒருவருக்கு வெப்சைட் செய்துகொடுக்க ஒப்புக்கொண்டபோது அவள் இதைப் பற்றி அவரிடம் மூச்சுகூட விடவில்லை. எனக்கு மட்டும் தெரியும். ஆறு வயதில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கப் போனவளின் தலையிலிருந்து ஒரு குதிரை ஒரு முழம் கனகாம்பரத்தை உருவித் தின்றுவிட்டது. பூவோடு நாலு முடியும் போனது. அன்றிலிருந்து தெருவில் ஊர்வலம் வந்தால் அவள் அடுத்த தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போவாள். மாப்பிள்ளை சொந்தக்காரனாக இருந்தாலும் அப்படித்தான்.

நானும் அவளும் பிள்ளையார்பாளையத்தில் ராமலிங்கம் முதலாளியின் டிசைன் சென்டரில் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். பட்டுப் புடவைக்குக் கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைவது எங்கள் வேலை. நாங்கள் வரைந்ததை வைத்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டை தறிமேல் ஏறினால் புடவையில் மயில் வரும், யானை வரும், சமயத்தில் குதிரையும் வரும். புடவையைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, மின்விசிறி ஓடுகிறது, போதும் என்கிற ஜாதி நான். எஸ்தர் அப்படி இல்லை.

அவளுக்கு எதைப் பார்த்தாலும் திருத்த வேண்டும். கல்யாணப் பத்திரிகை கையில் வந்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்க்க மாட்டாள், எழுத்து ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பாள். அவர்கள் சர்ச்சில் அசன விருந்துக்கு நோட்டீஸ் அடித்தபோது பாஸ்டர் பெயரைச் சின்னதாக்கிச் சாப்பாட்டு நேரத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். பாஸ்டருக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் அந்த வருஷம்தான் கூட்டம் நேரத்துக்கு வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் எலுமிச்சைச் சாதமும் மறு கையில் போனுமாக, வீடியோ பார்த்துப் பார்த்தே வெப்சைட் வேலையைக் கற்றுக்கொண்டாள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"வேலையை விடறேன் முதலாளி. வெப்சைட் பண்ணப்போறேன்."

"யாருக்கு?"

"இனிமேதான் ஆள் பாக்கணும்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைக்க ஆரம்பித்தால் ஏதோ கணக்காகச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம். "உன் நாற்காலி ஏப்ரல் கடைசி வரைக்கும் காலியாவே இருக்கட்டும்மா. அதுக்குள்ள ஒரு வேலையாவது முடிச்சு, குடுத்தவங்க நல்லாருக்குதுன்னு சொல்லிட்டாங்கன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். இல்லாட்டி மே பொறந்ததும் வந்து கம்முனு உக்காந்துடு. சரிதானே?"

"சரி முதலாளி" என்றாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நாற்காலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுழல் நாற்காலி. முதுகு வலிக்கிறது என்று எஸ்தர் பட்டுத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மெத்தை ஒன்றை அதில் கட்டியிருந்தாள். வலது பக்கக் கைப்பிடி உடைந்து கூராக நீட்டிக்கொண்டிருக்கும். போகும்போதும் வரும்போதும் அது அவள் சுடிதாரை இழுக்கும், அவள் திட்டுவாள். ஆனாலும் வேறு நாற்காலியில் உட்கார மாட்டாள்.

பிப்ரவரி போனது. ஒருவரும் வரவில்லை. எஸ்தர் தன் செவிலிமேட்டு வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, உலகத்திலேயே அழகான வெப்சைட்டைத் தனக்குத் தானே செய்து வைத்திருந்தாள். மார்ச் முதல் வாரம்தான் இளவரசன் வந்தார்.

இளவரசன் பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து விவசாயக் குடும்பம். நெல்லை விட்டுவிட்டுக் குதிரைக்கு வந்தவர். செவிலிமேட்டில் ஆற்றுப் பக்கம் ஒரு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சவுக்குக் கம்பால் வேலி போட்டிருந்தார். கல்யாண ஊர்வலத்துக்கு முத்து என்கிற வெள்ளைக் குதிரை, கற்றுக்கொள்கிறவர்களுக்கு ராணி என்கிற செவலை, சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டாணி என்கிற மட்டக் குதிரை. மே மாதம் பிள்ளைகளுக்குக் குதிரையேற்ற வகுப்பு ஆரம்பிக்கலாம் என்று திட்டம்.

"இங்க புதுசா குடி வந்த வீட்டுக்காரங்கல்லாம் வந்து இன்னா கேக்கறாங்க தெரியுமா சிஸ்டர்? வெப்சைட் இருக்குதான்னு கேக்கறாங்க. குதிரை இருக்குதுன்னு சொல்றேன், அதை வுட்டுட்டு வெப்சைட்டைக் கேக்கறாங்க. ஒரு வாட்டி நேர்ல வந்து பாத்துடுங்களேன்."

"வேணாம்ணா" என்றாள் எஸ்தர், அவர் முடிப்பதற்குள். "போட்டோவை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. எனக்கு அதுவே போதும்."

இங்கேதான் எங்கள் தொழிலில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கரைக்கு நாங்கள் எதையும் முழுதாக வரைய மாட்டோம். பாதி வரைவோம். மிரர் என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால் மறுபாதி தானாக வந்து நிற்கும். இந்தப் பக்கம் ஒரு மயில் என்றால் அதைப் பார்த்தபடி அந்தப் பக்கம் ஒரு மயில். இரண்டும் முகத்துக்கு முகம் பார்த்தால்தான் எங்கள் கண்ணுக்கு வேலை முடிந்த மாதிரி. ஒற்றை மயிலைப் பார்த்தால், இலையில் சாதம் மட்டும் வைத்துவிட்டுக் குழம்பு ஊற்றாமல் போனதுபோல இருக்கும்.

எஸ்தர் முத்துவின் போட்டோவை எடுத்தாள், வலது ஓரம் நிறுத்தினாள், மிரரை அழுத்தினாள். இடது ஓரம் இன்னொரு முத்து வந்து நின்றது. நடுவில் கோபுரம். சுற்றிலும் ருத்ராட்சக் கரை. அதற்குக் கீழே புடவை மாதிரியே உடல், உடலுக்குக் கீழே முந்தி. போன் நம்பரும் வழியும் வகுப்பு நேரமும் எல்லாம் முந்தியில், அதாவது பக்கத்தின் கடைசி அடியில். புடவையில் முந்திதானே கடைசி? தலைப்புக்கு ஒரு வாக்கியம் கேட்டாள். 'பல்லவர் மண்ணில் பாரம்பரியம் மிளிரும் பரியேற்றத்தின் பொன்வாசல்' என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு என்மேல் ரொம்பப் பெருமையாக இருந்தது.

"எப்படிடி இருக்குது?" என்று கேட்டாள்.

"முகூர்த்தப் புடவை மாதிரி இருக்குதுடி" என்றேன். பொய் இல்லை, அப்படித்தான் இருந்தது. போட்டோக்களின் கனத்தில் அது திறப்பதற்குத்தான் கொஞ்சம் நேரம் ஆனது. பஸ் ஸ்டாண்டில் தட்டினால் செவிலிமேட்டில் இறங்கும்போது திறக்கும்.

ஏப்ரல் பத்து வரை ஒரு போன் வரவில்லை. பதினொன்றாம் தேதி இளவரசன் வந்தார். சனிக்கிழமை, எனக்கு அரை நாள் லீவு, நானும் எஸ்தர் வீட்டில்தான் இருந்தேன். மனுஷன் உட்காரவில்லை. போனை எஸ்தர் முன்னால் நீட்டினார்.

"சிஸ்டர், எங்கிட்ட வெள்ளைக் குதிரை எத்தினி இருக்குது?"

"ஒண்ணு, முத்து."

"அப்போ இந்தாண்ட நிக்கறது யாரு?"

எஸ்தர் சிரித்தாள். "அதுவும் முத்துதான்ணா. அழகுக்காகத் திருப்பி வெச்சிருக்கேன்."

"அழகு கெட்டுது போங்க." அவர் குரலில் கோபத்தைவிட வேதனைதான் இருந்தது. "வாலாஜாபாத்துல ஒரு கல்யாணம் பேசிக்கினு இருந்தேன். மாப்பிள்ளையோட மாமா உங்க வெப்சைட்டைப் பெருசு பண்ணிப் பாத்திருக்காரு. முத்துவுக்குக் கழுத்துல இடது பக்கம் சுழி. ராசியான சுழின்னு எங்கப்பா தேடிப் போய் வாங்கினது. உங்க படத்துல எதிர்ல இன்னொரு குதிரை, அதுக்கு வலது கழுத்துல சுழி. வலதுல இருந்தா ஆகாதுன்னு அவங்க நம்பிக்கை. ரெண்டு குதிரையில எதை ஓட்டிக்கினு வருவீங்கன்னு கேக்கறாரு. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்குதுன்னா, பொய் சொல்றீங்கன்றாரு. கல்யாணம் போச்சு."

எஸ்தர் போனை வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். கழுத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு மயிர் சுற்றிக்கொண்டு நின்றது. அந்தப் படத்தை நான் ஐம்பது முறை பார்த்திருப்பேன். ஒரு முறைகூட அது என் கண்ணில் படவில்லை.

"வகுப்புக்கும் ஒரு புள்ள சேரலை" என்றார் இளவரசன். "நான் உங்களைக் குறை சொல்லலை சிஸ்டர். படம் சூப்பரா இருக்குது, ஆனா வேலைக்காவலை. ஒரு வாரம் பாருங்க. சரியாச்சுன்னா சரி. இல்லாட்டி எடுத்துடுங்க, நான் பழையபடி நோட்டீஸ் அடிச்சுக்கறேன்."

அவர் போனபிறகு எஸ்தர் கம்ப்யூட்டரை அணைத்தாள். "அகிலா, மே மாசத்துக்கு அந்த நாற்காலியைத் துடைச்சு வெச்சிடுடி" என்றாள். அவள் என் பக்கத்து நாற்காலிக்குத் திரும்பி வந்தால் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிற எஸ்தர் எனக்கு வேண்டாம்.

"அதெல்லாம் அப்புறம். வண்டியை எடு, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றேன்.

"எதை?"

"குதிரையைத்தான்."

இளவரசனின் மனைவி பிரியதர்ஷினி ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்போவது அவர்தான். நாங்கள் போனபோது வேலி வாசலில் நின்று, வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். எஸ்தர் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. தலையைக் காப்பாற்றிக்கொள்கிறாள் என்று எனக்குப் புரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். ஆறு குடும்பம் வந்து போனது. நாலாவது குடும்பம் வந்தபோது எஸ்தர் என் தொடையில் கிள்ளினாள்.

"கவனிச்சியாடி? எல்லாரும் முதல்ல ஒரே கேள்விதான் கேக்கறாங்க."

உண்மைதான். அப்பாவோ அம்மாவோ, பேண்ட் போட்டவரோ வேட்டி கட்டியவரோ, வாசலில் வந்து நின்றதும் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: "கடிக்குமா?" பிறகு, "வுழுந்துட்டா?" பிறகு, "கூட யாரு புடிச்சிக்குவாங்க?" பெண் பிள்ளை வைத்திருந்தவர்கள், "சொல்லிக்குடுக்கறது லேடீஸா?" என்று கேட்டார்கள். ஒரு அம்மா, "பாத்ரூம் இருக்குதாங்க?" என்று மெதுவாகக் கேட்டார். பாரம்பரியத்தைப் பற்றியும் பொன்வாசலைப் பற்றியும் ஒரு ஜீவன் கேட்கவில்லை. என் வாக்கியம் அந்த வேலியோரமே செத்துப்போனது.

கூட்டம் குறைந்ததும் எஸ்தர் இறங்கி வாசல் வரை போனாள். இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், கடிக்குமா?"

பிரியதர்ஷினி அவளைச் சின்னப் பிள்ளையாக நினைக்கவில்லை. மற்றவர்களுக்குச் சொன்ன அதே நிதானத்தோடு சொன்னார். "திங்கறதுக்குக் கையில எதுனா இருந்தா கேக்கும்மா. விரலை நீட்டாதீங்க. உள்ளங்கையைத் தட்டு மாதிரி விரிச்சுக் குடுங்க, உதட்டாலயே எடுத்துக்கும்."

"தலையில பூ இருந்தா?"

"ஏன் கேக்கறீங்க?"

எஸ்தர் கனகாம்பரக் கதையைச் சொன்னாள். பிரியதர்ஷினி சிரித்துச் சிரித்துக் கொள்ளு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். ராணியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த இளவரசனும் குழாயைப் போட்டுவிட்டு வந்தார். எஸ்தர் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். அவளும் சிரித்தாள், ஹெல்மெட்டுக்குள்ளேயே.

பிறகு இளவரசன் முத்துவைப் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினார். "இந்தாங்க, இதுதான் சுழி. இப்போ அந்தாண்ட வாங்க." வலது பக்கம் சுழி இல்லை. அதற்குப் பதில், குட்டியாக இருந்தபோது முள்கம்பி கிழித்த தழும்பு ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது. எஸ்தர் முதலில் பத்தடி தள்ளி நின்று சுற்றினாள், பிறகு ஐந்தடி. இடது பக்கம் போய்ப் பார்ப்பாள், வலது பக்கம் போய்ப் பார்ப்பாள், மறுபடி இடது பக்கம்.

"ரெண்டு பக்கமும் வேற வேறடி" என்றாள் என்னிடம், ஏதோ பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்தவள்போல. "பதினோரு வருஷமா எதுக்கும் மறுபாதியைப் பாத்ததே இல்ல நாம."

"ஏறிப் பாக்கறீங்களா?" என்றார் பிரியதர்ஷினி.

மாட்டேன் என்பாள் என்று நினைத்தேன். அவள் முத்துவின் வலது பக்கமாகப் போய் நின்றாள். முத்து நகர்ந்துகொண்டது.

"இந்தாண்ட வாங்க. ஏறறது எப்பவும் இடது பக்கம்தான், அதுக்கு அதான் பழக்கம்."

சுற்றிக்கொண்டு வந்தாள். பலகைமேல் ஏறி, ஒரு காலை வளையத்தில் வைத்து, "இயேசப்பா!" என்று கத்திக்கொண்டே மேலே போனாள். அவள் கத்தியது ஆற்றுக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும். முத்து காதைக்கூட ஆட்டவில்லை, அது எத்தனை பேண்டு வாத்தியம் கேட்ட குதிரை. நான் போனில் படம் எடுத்தேன். கண் இறுக்க மூடி, வாய் முழுக்கத் திறந்து, கை சேணத்தைக் கவ்விக்கொண்டிருக்க, கீழே பிரியதர்ஷினி கயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருக்கிற படம்.

பழைய வெப்சைட்டை எஸ்தர் அன்று சாயங்காலமே அழித்துவிட்டாள். மூன்று நாளில் புதிது வந்தது. கரை இல்லை, கோபுரம் இல்லை. தட்டினால் உடனே திறந்தது. மேலே அந்தப் படம். அதன்கீழே பெரிய எழுத்தில், 'குதிரை கடிக்குமா?' என்ற கேள்வி. அதற்குப் பிரியதர்ஷினி சொன்ன பதில் அவர் பேச்சிலேயே. அங்கேயே போன் பொத்தான். யார் பிடித்துக்கொள்வார்கள், யார் சொல்லிக்கொடுப்பார்கள், எத்தனை மணிக்கு வகுப்பு, எந்த பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும், பாத்ரூம் எங்கே என்பதெல்லாம் வரிசையாக. 'தலையில் பூ வைத்துக்கொண்டு வர வேண்டாம்' என்று ஒரு வரி. கடைசியில் சேருவதற்கான படிவம். அதில் 'உங்களுக்கு என்ன பயம்? தயங்காமல் எழுதுங்கள்' என்று ஒரு கட்டம்.

கல்யாணத்துக்குத் தனிப் பக்கம். முத்துவின் இடது பக்கம் ஒரு படம், வலது பக்கம் ஒரு படம், இரண்டும் நிஜம். தழும்பையும் மறைக்கவில்லை. மேலே, 'முத்துவுக்குச் சுழி இடது பக்கம். நேரில் வந்து பாருங்கள்' என்று எழுதியிருந்தாள்.

"என் படத்தை எடுத்துடட்டுமா டீச்சர்? அசிங்கமா இருக்குது" என்று பிரியதர்ஷினியைக் கேட்டாள்.

"எடுத்தீங்கன்னா நான் உங்களோட பேச மாட்டேன்" என்றார் அவர்.

போன் வர ஆரம்பித்தது. நாலைந்து நாள் போனதும் பிரியதர்ஷினியே எஸ்தரைக் கூப்பிட்டார். "இப்பல்லாம் யாரும் கடிக்குமான்னு கேக்கறதே இல்லம்மா. எத்தினி மணிக்கு வரட்டும்னுதான் கேக்கறாங்க. என் தொண்டைக்கு ரெஸ்ட் கிடைச்சிது." வாலாஜாபாத் மாமா நேரிலேயே வந்தார். கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதுபோல முத்துவை மூன்று தடவை சுற்றினார், சுழியைத் தொட்டுப் பார்த்தார், ஆவணி மாதத்துக்குத் தேதி எழுதிக்கொண்டு போனார். இளவரசன் அன்று எஸ்தருக்கு அனுப்பிய செய்தி மூன்றே சொல்: 'இப்போ நல்லாருக்குது சிஸ்டர்.' அதை அவள் எனக்கு அனுப்பினாள், நான் முதலாளியிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போய்விட்டார். ஒரு பாராட்டுகூட இல்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

ஏப்ரல் முப்பதாம் தேதி மத்தியானம் எஸ்தர் போன் பண்ணினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "வகுப்பு நிறைஞ்சிடுச்சுடி. கடைசியா வந்த படிவத்தை அனுப்பறேன், பாரு."

பார்த்தேன். பிள்ளைக்கு வயது எட்டு. சேர்ப்பவர் ராமலிங்கம், தாத்தா. பயம் என்ற கட்டத்தில் இப்படி எழுதியிருந்தது: 'பேத்திக்குப் பயம் எதுவும் இல்லை. எனக்குத்தான். எஸ்தர் மாதிரி ஒரு ஆள் இனிமேல் எனக்கு எங்கே கிடைக்கும்?'

நிமிர்ந்து பார்த்தேன். முதலாளி தன் மேசையில் ஒன்றும் தெரியாதவர்போல ஒரு முந்தியின் கிராஃபைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மே ஒன்று, சென்டருக்கு லீவு. காலையில் என் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே அந்தச் சுழல் நாற்காலி, பட்டு மெத்தையோடு. உடைந்த கைப்பிடியைக்கூட யாரோ பட்டுத் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஆட்டோவுக்குப் பின்னாலேயே முதலாளி போனில் வந்தார்.

"அகிலா, அதை எஸ்தர் வீட்ல குடுத்துடும்மா. அது அவ முதுகுக்குப் பழகினது, வேற யாருக்கும் ஒத்து வராது."

செவிலிமேடு வரைக்கும் நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். எஸ்தர் வாசலுக்கு வந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. அவளுக்குச் சந்தோஷம், எனக்குச் சந்தோஷத்தோடு கொஞ்சம் வயிற்றெரிச்சலும்: நாளையிலிருந்து என் பக்கத்தில் யாரை உட்காரவைப்பார்களோ?

"உக்காருடி, பாக்கலாம்" என்றேன்.

முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். பதினோரு வருஷமாக அந்த உடைந்த கைப்பிடிப் பக்கமாகவே வந்து, மாட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு உட்கார்ந்தவள், அன்று நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இடது பக்கமாக வந்து ஏறி உட்கார்ந்தாள்.